இரண்டு நவம்பர் 27கள்

2019 நவம்பர் 27, புதன்கிழமை. கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரியபீடத்தில் எனக்கு அன்று இரவு வேலை. போரில் இறந்த விடுதலைப் புலிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் இரவில் ஒரு தமிழ்ச் செய்தியறை எப்படி இருக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் படங்கள் வந்து குவியும், செய்தியாளர்களின் அழைப்புகள் ஓயாது. அந்த வருடம் பதற்றம் இன்னும் கூடுதல். கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மாவீரர்களின் கல்லறைகள் இருந்த துயிலும் இல்லங்களில் விளக்கேற்ற விடுவார்களா, இராணுவம் வந்து நிற்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். சுவிஸ் தூதரக ஊழியர் ஒருவர் கொழும்பில் கடத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட விவகாரமும் அன்றுதான் வெளியே வந்து சூடுபிடித்தது.

அன்றைய அமைச்சரவை முடிவுகளும் மேசைக்கு வந்தன. அவற்றில் வரிக்குறைப்புப் பகுதியைத் தமிழாக்கிக் கொடுத்தவன் நான். பொருட்களுக்கும் சேவைகளுக்கும் மேல் விழும் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைகிறது, டிசம்பர் 1 முதல் நடைமுறை. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி இல்லாமல் போகிறது. சம்பளத்தில் கழிக்கும் வரியும் போகிறது. செய்தி ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல செய்திதானே தம்பி, கீழ ஒரு பொக்ஸா போட்டு விடுங்கோ" என்றார். போட்டேன். சாமான் விலை குறையும் என்று எனக்கும் சந்தோஷம்தான். மேலே ஐந்து பத்தியில் விளக்கேற்றும் தாய்மாரின் படம், கீழே வலது மூலையில் அந்தப் பெட்டி.

மூன்றே வருடத்துக்குள் நாடு வங்குரோத்தான கதையின் முதல் அத்தியாயம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

2023 நவம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், நாட்டின் பொருளாதார நெருக்கடிக்குக் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உட்பட வேறு சில உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொன்னது. மக்கள் தங்கள்மீது வைத்த நம்பிக்கையை அவர்கள் மீறினார்கள் என்பது தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்புச் செய்தியைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்தப் பெட்டி ஞாபகம் வந்தது. அப்புறம் ஓய்வு கிடைத்த நாட்களில் பழைய இதழ்க் கட்டுகளை இறக்கி வைத்துக்கொண்டு, நெருக்கடியின் முக்கியமான திகதிகளுக்கு மறுநாள் எங்கள் முதல் பக்கம் எப்படி இருந்தது என்று புரட்டிப் பார்த்தேன். கணக்கெடுப்பு என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பத்திரிகைக்காரன் தன் கையால் செய்த பக்கங்களைத் திரும்பப் பார்த்ததுதான்.

முதலில் அந்த வரிக்குறைப்பு என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 1 கோடி 20 லட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவுக்குத் தூக்கப்பட்டது. நடுத்தர வியாபாரங்கள் பெரும்பாலும் வரி வலையிலிருந்து வெளியே போய்விட்டன. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 வீதமாக இருந்த அரச வருமானம் இரண்டு வருடத்தில் 8 வீத அளவுக்கு இறங்கியது. வெளிநாட்டில் கடன் கொடுத்தவன் பார்ப்பது இதைத்தான்: இந்த நாட்டுக்கு வருமானம் இருக்கிறதா, திருப்பித் தருமா? தராது என்று சந்தேகம் வந்தால் புதுக்கடன் நின்றுவிடும். பழைய கடனைக் கையிருப்பு டொலரில்தான் கட்ட வேண்டும். 2019 டிசம்பர் முடியும்போது கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2020 முடிவில் 5.7. 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியன், அதாவது ஒரு மாத இறக்குமதிக்குக்கூடச் சரியாகப் போதாது.

இது எதுவும் இரகசியமாக நடக்கவில்லை. மாதாமாதம் மத்திய வங்கியே வெளியிட்ட கணக்குகள் இவை. எங்கள் மின்னஞ்சலுக்கு வந்தன, பத்திரிகையிலும் போட்டோம். எங்கே, எப்படிப் போட்டோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்த வருடமும் அதே நாள். 2020 நவம்பர் 27 அன்று, நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடும் பிட்ச் நிறுவனம் இலங்கையின் தரத்தை சிசிசிக்கு இறக்கியது. கடனைக் கட்டத் தவறும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது என்பது அதன் பொருள். அன்றைக்கும் மாவீரர் நாள். அந்த முறை நீதிமன்றத் தடைகள், வீட்டு வாசல்களில் பொலிஸ். எங்கள் முதல் பக்கம் முழுக்க அதுதான். இரண்டு நாளில் மஹர சிறைச்சாலைக் கலவரம். டிசம்பர் 1 அன்று, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்கக் கூடாது என்று கேட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதற்கு அடுத்த வாரம் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குக் காளியம்மன் சொன்ன மருந்து என்று ஒரு பாணியைக் கொடுக்க, ஆயிரக்கணக்கில் சனம் வரிசையில் நின்றது. அதே நாட்களில் பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பொரளை மயானத்தின் வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

பிட்ச் செய்தி எங்கள் இதழில் வந்தது. வர்த்தகப் பக்கத்தில், ஒரு வங்கி விருது வாங்கிய படத்துக்குப் பக்கத்தில்.

எரிக்கப்பட்ட அந்த ஜனாசாக்களை முதல் பக்கத்தில் போட்டது தவறா என்று என்னை யாராவது கேட்டால், இல்லை என்றுதான் நூறு தடவையும் சொல்வேன். ஒரு தகப்பனுக்குத் தன் பிள்ளையைப் புதைக்கும் உரிமை இல்லை என்று ஒரு அரசு சொல்லும்போது அதைவிடப் பெரிய செய்தி அன்றைக்கு இல்லை. அதைத் தமிழ்மொழிப் பத்திரிகைகள் எழுதாவிட்டால் வேறு எவர் அந்த அளவுக்கு எழுதியிருப்பார்? உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே சொல்லியிருந்தும், 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி வரும்வரை எரித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் கிழக்கில் ஓட்டமாவடியில் மட்டும் புதைக்க இடம் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவையே மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்திகளை எழுதியதில் எனக்குப் பெருமைதான்.

என் மனதை அறுப்பது வேறு. சமூகப் பிரச்சினை என்றால் மனிதர்களைப் பற்றியது, பொருளாதாரம் என்றால் வங்கிக்காரர்களைப் பற்றியது என்று நாங்கள் பக்கங்களைப் பிரித்து வைத்திருந்தோமே, அந்தப் பிரிப்பு. பால்மா இல்லாமல் தேநீர்க்கடை பூட்டியவனும் மனிதன்தான். அவனுடைய கதை பதினோராம் பக்கத்தில் ஒரு எண்ணாகக் கிடந்தது.

அந்தப் பதினோராம் பக்கத்தைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வர்த்தகப் பக்கம் பெரும்பாலும் நிறுவனங்கள் அனுப்பும் அறிக்கைகளால் நிரம்புவது. புதிய கிளை திறப்பு, விருது, கோட் போட்ட நால்வர் கைகுலுக்கும் படம். அவை விளம்பரம் தரும் நிறுவனங்கள், படத்தைப் போடாவிட்டால் மறுநாள் விளம்பரப் பகுதியிலிருந்து அழைப்பு வரும். அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு செய்தியாளர் இருந்ததில்லை. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் செய்வார். மத்திய வங்கியின் அறிக்கை தமிழிலும் வரும், ஆனால் அந்தத் தமிழ் "மொத்த அலுவல்சார் ஒதுக்குகள்" என்று தொடங்கும். அதை அப்படியே வெட்டி ஒட்டுவோம். வாசகருக்கு என்ன விளங்கியிருக்கும்? எனக்கே விளங்கவில்லை. "நாட்டின் கையில் இருக்கும் டொலர் இன்னும் நாலு மாத இறக்குமதிக்குத்தான் காணும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கும் அம்மாவுக்கும் விளங்கியிருக்கும். அந்த ஒரு வரியை எழுத எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இன்னொன்றும் உண்டு. கையிருப்பு குறைவதற்கு ஒரு நாள் இல்லை, ஒரு இடம் இல்லை, படம் இல்லை. அது 24 மாதம் மெல்ல மெல்லக் கசிந்தது. செய்தியறையின் வேலை ஒழுங்கோ ஒரு நாளைக்கானது. இன்று என்ன நடந்தது என்றுதான் மாலைக் கூட்டத்தில் கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதை எந்த நாளில் முதல் பக்கத்துக்கு எடுப்பது? அதற்கு ஒருவர் பிடிவாதமாகக் கையைத் தூக்கி, "இன்றைக்கு இதைத்தான் மேலே போட வேண்டும்" என்று சொல்ல வேண்டும். எங்கள் அறையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அரசியல்வாதிகளுக்கு இது வாய்ப்பாகவும் இருந்தது. அடையாளம், மதம், தேசியப் பாதுகாப்பு என்று தினமும் ஒரு தீனி கிடைத்தால் பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதற்குப் பின்னால் ஓடும். இதன் மிக மோசமான உதாரணம் 2019 மே 23. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம். திவயின என்ற சிங்கள நாளிதழ் முதல் பக்கத்தில், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களப் பெண்களுக்குப் பிரசவ அறுவைச் சிகிச்சையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று எழுதியது. அடுத்த நாள் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். வாரக்கணக்கில் தொலைக்காட்சிகளில் அதுதான் பேச்சு. ஜூன் இறுதியில், குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலை 25 அன்று பிணை கிடைத்தது. ஆதாரம் இல்லை என்ற செய்திக்கு அந்த 4,000 என்ற எண்ணுக்குக் கிடைத்த எழுத்தின் அளவு கிடைக்கவே இல்லை. நவம்பர் தேர்தலுக்கு நாடு போனது இந்தப் பயத்தோடுதான். கடனைப் பற்றி, வருமானத்தைப் பற்றி யாரும் வேட்பாளர்களைக் குடையவில்லை.

உர விவகாரத்தை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் அங்கே பொருளாதாரச் செய்தி ஒன்று சமூகச் செய்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்தது. 2021 மே 6 வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அரசு சொன்ன காரணம் நஞ்சில்லாத உணவு, சிறுநீரக நோயிலிருந்து மீட்பு. நாங்களும் அந்த வழியிலேயே போனோம். இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்று பேட்டிகள், கட்டுரைகள், பாட்டன் காலத்துப் பசளை பற்றிய நினைவுகள். நானே ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்து அரைப்பக்கம் எழுதினேன், நன்றாக இருந்தது என்று நாலு பேர் சொன்னார்கள். உர இறக்குமதிக்கு வருடாவருடம் கோடிக்கணக்கான டொலர் போகிறது, அந்த டொலர் இப்போது கையில் இல்லை என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கிளிநொச்சியிலும் அம்பாறையிலும் விவசாயிகள் யூரியா கேட்டுத் தெருவுக்கு வந்தபோது அதைப் பிரதேசச் செய்திப் பக்கத்தில் போட்டோம். மத்திய வங்கியின் கணக்கு பதினோராம் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் முடிச்சு தெரிந்திருக்கும்.

இதே மாதிரித்தான் 2021 ஜூன் 10. இலங்கைப் பொருட்கள் ஐரோப்பாவுக்குப் போகும்போது கிடைக்கும் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும்படி ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் போட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் அதில் முக்கியக் காரணம். எங்களுக்கு அது முழுக்க முழுக்க மனித உரிமைச் செய்தி. தலைப்பும் அப்படித்தான், அது நியாயம்கூட. ஆனால் அந்தச் சலுகையில் ஓடுவது ஆடைத் தொழிற்சாலைகள். கட்டுநாயக்க வலயத்தில் தையல் இயந்திரத்துக்கு முன்னால் குந்தியிருக்கும் பிள்ளைகளில் மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் போனவர்களும் இருக்கிறார்கள். ஒரு சட்டத்தால் சிறையில் கிடக்கும் அண்ணனும், அந்தச் சட்டத்தால் வேலை பறிபோகக்கூடிய தங்கையும் ஒரே வீட்டில் இருக்கலாம். அந்த வீட்டுக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை.

அடுத்த மாதம், ஜூலையில், கொழும்பில் ஒரு அரசியல்வாதியின் வீட்டில் வேலைக்கு இருந்த மலையகச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தாள். தமிழ் ஊடகங்கள் கிட்டத்தட்ட இரண்டு மாதம் வேறு எதையும் பெரிதாக எழுதவில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் யார் செய்தார், எந்த அறை, எந்தக் கதவு என்று எழுதிய அளவுக்கு, அந்தப் பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனாள் என்று எழுதவில்லை. நாளுக்கு 1,000 ரூபா என்ற சம்பளம் தோட்டங்களுக்கு அந்த மார்ச்சில்தான் சட்டமாக வந்திருந்தது. அதுவும் எத்தனை நாள் வேலை கிடைக்கிறது, எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்பதில் தங்கியிருந்தது. அக்டோபரில் பால்மா, எரிவாயு, சீமெந்து, கோதுமை மா எல்லாவற்றுக்கும் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ஆனது. 1,000 ரூபா நாட்கூலியில் ஒரு குடும்பம் அதை எப்படிச் சமாளிக்கும் என்ற கேள்வியும், பிள்ளைகள் கொழும்பு வீடுகளுக்கு ஏன் போகிறார்கள் என்ற கேள்வியும் ஒரே கேள்விதான். நாங்கள் முதலாவதை விலைப்பட்டியலாகவும் இரண்டாவதைக் குற்றச் செய்தியாகவும் போட்டோம்.

2021 டிசம்பர் கடைசியில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1.6 பில்லியனாக இருந்த கையிருப்பு திடீரென்று 3.1 பில்லியன் ஆகிவிட்டதாக மத்திய வங்கி அறிவித்தது. "கையிருப்பு இரட்டிப்பானது" என்று தலைப்புப் போட்டோம், அந்த முறை முதல் பக்கத்தில். அதில் சுமார் 1.5 பில்லியன், சீனாவுடன் செய்த நாணயப் பரிமாற்றத்தில் வந்த யுவான். இறக்குமதி செய்யவோ கடன் கட்டவோ அதை எடுத்துச் செலவழிக்க முடியாத நிபந்தனை அதில் இருந்தது. அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பொருளாதாரத்தை முதல் பக்கத்துக்கு எடுத்த ஒரு நாளிலும், கேட்கத் தெரியாத காரணத்தால், அரசின் சொல்லையே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். ஆகவே பக்கம் மட்டும் மாறிப் பயனில்லை. அந்தத் துறையை வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு தமிழ் செய்தியறையிலும் வேண்டும். மூன்று மாதம் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்தாலே போதும் என்று நான் நினைக்கிறேன். அதற்கான செலவு ஒரு முழுப்பக்க வண்ண விளம்பரத்தின் காசுகூட வராது.

2022 ஜனவரி 18 அன்று, மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நிலையில், 50 கோடி டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். கட்டாதீர்கள், முதலில் கடனை மறுசீரமையுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இதழில் அந்த விவாதம் வரவேயில்லை. மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் சுருண்டு விழுந்து இறந்தபோது எங்களுக்குப் படம் கிடைத்தது, இடம் கிடைத்தது, நாள் கிடைத்தது. அப்போது பொருளாதாரம் தானாகவே முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. மார்ச் 26 ஆம் திகதி இதழை அச்சிடக் காகிதம் இல்லை என்று திவயினவும் அதன் சகோதரப் பத்திரிகை தி ஐலண்டும் அறிவித்தன. நாங்களும் பக்கங்களைக் குறைத்தோம். முதலில் எடுத்தது வர்த்தகப் பக்கத்தை. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம்.

அந்த வருடம் எங்கள் தெரு முனைக் கடைக்காரர் ஒரு நாள் கேட்டார்: "நீங்க பேப்பர்ல இருக்கிற ஆள்தானே அண்ணே, இது இப்பிடி வரப்போகுதுன்னு உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியாதா?" அவர் ஹட்டன் பக்கத்து ஆள், சிறுவயதில் கொழும்புக்கு வந்தவர். பால்மா இருந்த தட்டில் அவர் சவர்க்காரம் அடுக்கி வைத்திருந்தார். தெரிந்திருக்க வேண்டியது, எழுதவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மிச்சக் காசை எண்ணித் தந்தார்.

குருநாகல் வைத்தியரை 2022 மேயில் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். வீட்டில் இருத்தி வைத்திருந்த காலத்துச் சம்பள நிலுவை 26 லட்சம் ரூபாவுக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. நாட்டில் அப்போது மருந்து இல்லை. வைத்தியசாலைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தன. அந்தக் காசு முழுவதையும் அத்தியாவசிய மருந்து வாங்கச் சுகாதார அமைச்சுக்கே அவர் கொடுத்துவிட்டார். இதழ்க் கட்டில் அந்தச் செய்தியையும் தேடினேன். ஐந்தாம் பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் ஏழு வரி. வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே, 2019 நவம்பர் 28 இதழின் அந்தப் பெட்டிச் செய்திக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.